அறுபதடி வடம்

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. வீட்டில எல்லாரும் நல்லா இருக்கோம். சுந்தரம் மகளுக்குத் தை மாசக் கடைசியில கல்யாணம், பத்திரிகை தனியா வரும். தங்கச்சியை அவசியம் கூட்டிட்டு வா.

சோழவந்தான் பக்கம் ஒரு தோப்பை வெட்டுக்கு எடுத்திருக்கேன்னு எழுதியிருந்தே. 40 தென்னை, 6 புளி, வாய்க்கால் ஓரம் பூரா சீமைக்கருவேலம். மரம் அறுக்கிற செயின் மிஷின் புதுசு, ஆளு 6 பேரு. சந்தோஷம். ஆனா கடைசியில ஒரு வரி எழுதினியே, "வடமும் புதுசு, 60 அடி"ன்னு. அதைப் படிச்சதுல இருந்து மனசு கிடந்து அடிக்குதுடா.

தென்னையும் 60 அடி உயரம்னு நீயேதான் எழுதியிருக்கே. வடத்தை 40 அடி உயரத்துல கட்டுவீங்க. "பித்தாகரஸ் எதுக்கு சார் உதவும்?"னு கணக்கு வாத்தியாரைக் கேட்டுட்டுப் பெஞ்சு மேல ஏறி நின்னவன் நீ. இதுக்குத்தான் உதவும். வடம் விறைப்பா இருக்கும்போது, முடிச்சுக்குப் போற நீளத்தைக் கழிக்காமப் பார்த்தாலும், இழுக்கிற ஆளு தூருல இருந்து 45 அடிக்குள்ளதான் நிப்பான். மரம் சாஞ்சா அதோட கொண்டை அவனைத் தாண்டி 15 அடி போய் விழும். ஓடிருவாங்கன்னு சொல்லாதே. வரப்பும் பாத்தியும் காஞ்ச மட்டையுமா கிடக்கிற தோப்புல, மரம் சாயத் தொடங்கின பிறகு சில செகண்டுல எவன் எங்கிட்டு ஓடுவான்?

ஆளு நிக்க வேண்டியது மரத்தோட உயரம் மாதிரி ரெண்டு மடங்கு தள்ளி. 120 அடி. கணக்குப் போட்டுப் பாரு, வடம் 127 அடி வரும். முடிச்சு, கைப்பிடி எல்லாம் சேர்த்து 140 அடியா வாங்கு. வேலி குறுக்கே வந்து அவ்வளவு இடம் கிடைக்கலைன்னா கப்பி போடு. விழற திசையில நல்லா வேர் பிடிச்சு நிக்கிற இன்னொரு மரத்தோட தூருல கப்பியைக் கட்டி, வடத்தை அதுல ஓட்டிப் பக்கவாட்டுல திருப்பி இழுக்கணும். வடம் மடங்கற அந்த மூலைக்கு உள்பக்கம் ஒரு ஆளும் நிக்கக் கூடாது. கப்பி பிடுங்கிக்கிட்டா வடம் அங்கதான் வீசும். டிராக்டர்ல கட்டினாலும் இதே கணக்குத்தான், வெடுக்குனு இழுக்க விடாதே. நைலான் வடம் நீண்டு கொடுத்து அறுந்துச்சுன்னா சாட்டை மாதிரி திரும்பி வரும்.

அடுத்தது அறுப்பு. மிஷின் தொடையைக் கிழிக்கும்னு எல்லாருக்கும் பயம் இருக்கு. இந்த வேலையில உயிரை வாங்கறது பெரும்பாலும் மரம்தான். புளியை எடுத்துக்க. குறுக்களவு 30 அங்குலம்னு வை. விழ வேண்டிய பக்கம் முதல்ல வாய் எடுக்கணும், அதாவது மேல ஒண்ணு கீழ ஒண்ணு அறுத்து ஆப்பு வடிவத்துல ஒரு துண்டை எடுக்கணும். ஆழம் 6, 7 அங்குலம் போதும், ஆனா வாய் நல்லா அகலமா, 70 டிகிரிக்குக் குறையாம இருக்கணும். மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டுல சந்திக்கணும், ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகக் கூடாது. அப்புறம் பின்னாடி இருந்து, வாய் மூலைக்கு ஒரு அங்குலம் மேல அறுத்துட்டு வந்து, 3 அங்குலக் கட்டையை அறுக்காம விட்டுரணும். அந்தக் கட்டை 24 அங்குல நீளத்துக்கு, ரெண்டு ஓரத்துலயும் ஒரே கனமா நிக்கணும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான் மரத்துக்கு இது. இது இருக்கிற வரைக்கும் மரம் சொன்ன பக்கம் விழும். "சீக்கிரம் விழட்டும்"னு அதையும் அறுத்துத் தள்ளறாங்க பாரு, அங்கதான் சாவு. பிடி இல்லாத மரம் தூருலயே சுழலும், இல்லைன்னா பின்னால வழுக்கி அறுக்கிறவன் மேலயே வரும். வாயைக் குறுகலா எடுத்தாலும் ஆபத்து. பாதி சாயறப்பவே வாய் மூடிக்கும், அதுக்கு மேல மடங்க வழியில்லாம அடிமரம் நெடுக்குல பிளந்து எம்பும். அறுத்து முடிக்கிறதுக்கு முன்னாடியே வடத்தை வெறி புடிச்ச மாதிரி இழுத்தாலும் இதேதான் நடக்கும்.

புளியில இன்னொண்ணு, பொந்து. கோடாலிக் காம்பால அடியைச் சுத்தித் தட்டிப் பாரு. உள்ளே காலியா இருக்கிற மாதிரி சத்தம் வந்தா அந்த அளவெல்லாம் செல்லாது, கீல் நிக்கக் கட்டையே இருக்காது. அதைக் கிளை கிளையா மேல இருந்து இறக்கற ஆளைக் கூப்பிடு. மலைத்தேனீக் கூடு இருக்கான்னும் அண்ணாந்து பாருங்க, மிஷின் சத்தத்துக்கு எழும்பிரும்.

தென்னைக்குக் கதை வேற. வெளியே வைரம் பாஞ்சது புல்லு, உள்ளே வைரம் பாஞ்சது மரம்னு தமிழய்யா நடத்தினாரே, ஞாபகம் இருக்கா? அதேதான். தென்னைக்கு உறுதி சுத்து ஓரத்துல, நடுவுல சோறு. மரத்தைச் சாய்க்கப் பின்பக்க அறுப்புல ஆப்பு அடிக்கிறப்ப, நடுவுல அடிச்சா புதைஞ்சுக்கும், தூக்காது. ஓரத்துல அடிக்கணும், அதுவும் மர ஆப்பு. இரும்பு ஆப்புல செயின் பட்டா ரெண்டுக்கும் கேடு. கீலோட ரெண்டு ஓரமும்தான் அங்கே பிடிமானம், அதனாலதான் வடத்தை நம்ப வேண்டியிருக்கு. தொடங்கறதுக்கு முன்னாடி காயையும் காஞ்ச மட்டையையும் இறக்கிரு. மிஷின் அதிர்ச்சிக்கே தலையில விழும்.

அறுக்கிறவனுக்குத் தப்பிக்க வழி ரெண்டு, விழற திசைக்குப் பின்னால வலமும் இடமும் சாய்வா. அறுக்கறதுக்கு முன்னாடியே மட்டை, முள்ளு எல்லாம் வாரிச் சுத்தம் பண்ணி வைக்கணும். மரம் அசைஞ்சதும் மிஷினை விட்டுட்டு 20 அடி தள்ளிப் போயிரணும். ஒரு மரம் அறுக்கிறவனுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல ரெண்டு மர நீளம் இடைவெளி வேணும். அமெரிக்காவுல மரம் வெட்டறதுக்கு இருக்கிற பாதுகாப்பு விதியிலயும் இதே அளவுதான். உன் 6 பேரும் ஒரே நேரத்துல அந்தத் தோப்புல அறுக்க இடமே பத்தாது. ரெண்டு பேரு அறுக்கட்டும், மத்தவங்க கிளை கழிக்கட்டும்.

சாயற மரம் இன்னொண்ணுல மாட்டிக்கிச்சுன்னா அடியில போகாதே, தாங்கிட்டு நிக்கிறதை அறுக்காதே, மேல ஏறாதே. தூரத்துல இருந்து இழுத்துத்தான் எடுக்கணும். கருவேலத்துல தண்டு வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கும். உள்வளைவுல கொஞ்சம் அறுத்துட்டு, அப்புறம் வெளிவளைவுல கொஞ்சம் கொஞ்சமா விடணும், எடுத்ததும் வெளியில வெட்டினா முகத்துல அடிக்கும்.

மிஷின்: செயின் ஓடற நீளப் பட்டையோட நுனியில மேல்பாதி எதுலயும் படக் கூடாது, பட்டா உதைச்சு மேல எழும்பும். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுத்தி இருக்கணும். தோளுக்கு மேல தூக்கி அறுக்க வேண்டாம். தினமும் காலையில செயின் பிரேக் பிடிக்குதான்னு பாரு. அறுக்கறப்ப மாவு மாதிரி தூள் வந்தா செயின் மழுங்கிருச்சு, அரம் போடணும். பெட்ரோல் ஊத்தின இடத்துல ஸ்டார்ட் பண்ணாதே, 10 அடி தள்ளிப் போ. அறுக்கிற ஆளுக்கு முகத்திரை போட்ட ஹெல்மெட்டும், காதுக்கு மூடியும், தொடைக் காப்பும் வாங்கிக் கொடு. அந்தக் காப்புல நீள நீளமா நார் அடுக்கு இருக்கும். செயின் பட்டதும் நார் இழுபட்டுப் பல்சக்கரத்துல சுத்திக்கிட்டு மிஷினை நிறுத்திரும். ஒரு தடவை பட்டா அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்.

கூலி டன் கணக்குல பேசியிருக்கேன்னு எழுதினே. அதை நாள் கூலியா மாத்து மாப்ள. டன்னுக்குக் காசுன்னா அவங்க ஆப்பும் வைக்க மாட்டாங்க, வழியும் சுத்தம் பண்ண மாட்டாங்க. ஆடிக் காத்து அடிக்கிற அன்னைக்கும் அறுப்பாங்க. "அவங்க பழகின ஆளுங்க, நான் வெறும் வியாபாரி"ன்னு ஒதுங்கவும் முடியாது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட அட்டவணையிலேயே பனை ஏறறவனையும் மரம் வெட்டறவனையும் ஒரே வரியில சேர்த்திருந்தாங்க. மரம் உன் தொழில். நடுவுல கான்ட்ராக்டரை வச்சாலும் பொறுப்பு உன் வாசலுக்குத்தான் வரும்.

108-க்கு வழி சொல்லத் தெரிஞ்ச ஒருத்தன் தோப்புல எப்பவும் இருக்கட்டும். வெட்டுக்காயம்னா சுத்தமான துணியை வச்சு, கையை எடுக்காம அழுத்திப் பிடிக்கணும், எட்டி எட்டிப் பார்க்கக் கூடாது.

கரண்ட் கம்பி பக்கத்துல எத்தனை தென்னை நிக்குதுன்னு நீ எழுதவே இல்லை. வடம் வாங்கினதும் தரையில விரிச்சு டேப் பிடிச்சு அளந்து, அந்த நீளத்தையும் கம்பி பக்கத்துத் தென்னைக் கணக்கையும் எனக்கு எழுது. அது வரைக்கும் தென்னையைத் தொடாதே, கருவேலத்துல ஆரம்பி.

உன்,
முத்து