ஹாக்கிப் பயிற்றுவிப்பாளரின் முழங்காலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காப்புறுதி நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். சென்ற வாரம் என் தம்பி மகன் தன் முதல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "அத்தை, கையெழுத்துப் போடுவதற்குள் ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்றான். பள்ளி மாணவர்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் வேலை. மொத்தம் நான்கு பக்கம். ஏழாவது பிரிவில் என் கண் நின்றுவிட்டது. காயத்தாலோ நோயாலோ சேவை வழங்க இயலாமல் போனால் ஒப்பந்தம் அன்றே முடிவுக்கு வரும் என்று எழுதியிருந்தது. 2014இல் அவனுடைய அப்பா கையெழுத்திட்ட தாளிலும் இதே பொருளில் ஒரு வரி இருந்தது.

எங்கள் வீட்டில் ஹாக்கி என்பது மூன்று தலைமுறைச் சொத்து. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் அணி இந்தியாவிடம் ஆறு கோல் வாங்கியதை அப்பா தோல்வியாகவே சொல்ல மாட்டார். அந்தத் திடலில் நம் பிள்ளைகள் நின்றார்கள் என்றுதான் சொல்வார். தம்பி பாலஸ்டியர் சாலைத் திடலில் மட்டை பிடித்து வளர்ந்தவன். அவன் மகனுக்கோ வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கிமீதும் பித்து. எந்த ஆட்டக்காரர் எந்த அணியில் எத்தனை மில்லியனுக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அவனிடம் கேட்டுக் கேட்டு, அங்குள்ள தேசிய ஹாக்கி லீக்கின் (NHL) ஒப்பந்த விதிகளை இழப்பீட்டுக் கோப்பைப் படிப்பதுபோல நானும் படிக்கத் தொடங்கினேன்.

2005ஆம் ஆண்டு முதல் தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு மொத்த உச்சவரம்பு உண்டு. முதல் பருவத்தில் 39 மில்லியன் அமெரிக்க டாலராக இருந்தது, 2025-26 பருவத்தில் 95.5 மில்லியனாக உயர்ந்தது. ஒருவருக்குக் காயம்பட்டு ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோனாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவருக்கு முழுச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவருடைய தொகை உச்சவரம்புக் கணக்கிலும் இருந்துகொண்டே இருக்கும். ஆனால், குறைந்தது 10 ஆட்டங்களும் 24 நாள்களும் விளையாட முடியாதவரை நீண்டகாலக் காயப் பட்டியலில் சேர்த்தால், அவர் இடத்தை நிரப்ப அணி உச்சவரம்பை ஓரளவு தாண்டிச் செலவு செய்யலாம். காயம்பட்டவர் தாமாகவே ஓய்வு அறிவித்துக் கையெழுத்துப் போட்டால் மீதிப் பணம் போய்விடும். ஆகவே பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

கிறிஸ் பிராங்கர் என்ற ஆட்டக்காரரின் கதையைத்தான் தம்பி மகன் முதலில் சொன்னான். 2011 அக்டோபரில் எதிரணி ஆட்டக்காரரின் மட்டை அவர் கண்ணில் பட்டது. மறுமாதத்தோடு அவர் விளையாட்டு முடிந்தது. 2015இல் அவரைப் புகழ்மாமன்றத்தில் சேர்த்தபோதும் அவர் தாளில் ஆட்டக்காரர்தான், அதுவும் ஒருநாளும் விளையாடியிராத அரிசோனா அணிக்கு. ஆடாதவரை அரிசோனா ஏன் கேட்டு வாங்கியது? உச்சவரம்பைப் போலவே சம்பளத்துக்கு ஒரு கீழ்வரம்பும் இருக்கிறது. பிராங்கருக்குக் கையில் கொடுக்க வேண்டியது ஆண்டுக்கு 575,000 டாலர். கணக்கில் ஏறுவதோ ஒப்பந்த ஆண்டுகளின் சராசரித் தொகையான ஏறத்தாழ 4.9 மில்லியன். செலவைக் குறைத்து, கீழ்வரம்பையும் எட்டிவிடலாம்.

என் தொழில் கண்ணுக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது நேத்தன் ஹார்ட்டனின் ஒப்பந்தம். 2013இல் கொலம்பஸ் அணி அவரை ஏழு ஆண்டுகளுக்கு 37.1 மில்லியன் டாலருக்கு எடுத்தது. அந்த அணிக்கு 36 ஆட்டங்கள் ஆடினார், முதுகெலும்புச் சிதைவு அவரை முடக்கியது. அந்த ஒப்பந்தத்துக்குக் காப்புறுதி இல்லை. காப்புறுதி இருந்திருந்தால் சம்பளத்தில் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்றிருக்கும், பொதுவாக 80 விழுக்காடு வரை கிடைக்கும். இல்லாததால் ஒவ்வொரு டாலரும் கொலம்பஸின் கைக்காசு. 2015 பிப்ரவரியில் அவரை டொரொண்டோவுக்குக் கொடுத்துவிட்டு, அங்கே சோபிக்காத டேவிட் கிளார்க்சனை அவருடைய பெரிய ஒப்பந்தத்தோடு வாங்கிக்கொண்டார்கள். ஆட முடியாதவருக்குக் கொடுக்கும் பணத்தை ஆடக்கூடியவருக்குக் கொடுப்போம் என்ற கணக்கு. காப்புறுதிப் பத்திரம் ஒன்று இல்லாமற்போனதால் இரண்டு ஆட்டக்காரர்கள் அணி மாறினார்கள்.

மனிதரைப் பேரேட்டில் வெறும் எண்ணாக்கிக் கைமாற்றுகிறார்களே என்று அங்கே பலர் வருந்துகிறார்கள். மொன்ட்ரியல் கோல் காவலர் கேரி பிரைஸ் 2022 ஏப்ரலுக்குப் பிறகு களம் இறங்கவில்லை. 2025 செப்டம்பரில் அவருடைய ஒப்பந்தம் சான் ஹோசேவுக்குப் போனபோது தம்பி மகனும் முகம் வாடிப்போனான். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. விதியை வளைத்தவர்களும் உண்டு. 2021இல் டாம்பா அணி, காயப் பட்டியலில் இருந்த நிக்கிட்டா குச்சரொவை இறுதிச் சுற்றுகளுக்கு இறக்கிக் கோப்பையை வென்றது. உச்சவரம்பு அப்போது இறுதிச் சுற்றுகளுக்குப் பொருந்தாது. 2025-26 பருவத்தில்தான் அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். ஆனால் பிரைசும் பிராங்கரும் சம்பளம் பெற்றார்கள். என் தம்பி அப்படி யாருடைய பேரேட்டிலாவது ஓர் எண்ணாக இருந்திருந்தால் போதும் என்று நான் ஏங்கிய மாதங்கள் உண்டு.

2014இல் ஒரு மாலை, பள்ளித் திடலின் செயற்கைத் தரையில் மாணவர்களுக்கு மட்டையைத் திருப்பிக் காட்டும்போது அவன் வலது முழங்கால் பிசகியது. தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை, ஒன்பது மாதம் ஊன்றுகோல். அவனை அனுப்பிய நிறுவனத்திடமிருந்து மூன்றாம் நாள் இரண்டு வரிக் கடிதம் வந்தது. நான் மறுநாளே அவன் ஒப்பந்தத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். என் பக்கத்து மேசையில் இருந்தவர் படித்துவிட்டு, "அக்கா, இவர் ஊழியர் இல்லையே, சேவை வழங்குபவர் என்றல்லவா எழுதியிருக்கிறது" என்றார். எனக்கும் தெரிந்த பதில்தான். ஆயிரக்கணக்கான கோரிக்கைகளைப் பார்த்த அந்த மேசையில் சொந்தத் தம்பிக்காக ஒரு படிவம்கூட என்னால் நிரப்ப முடியவில்லை. தம்பி மனைவி இரவுநேர வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

நம் சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் நல்ல சட்டம், அதை வைத்துத்தான் என் பிழைப்பே நடந்தது. உடலுழைப்பு ஊழியர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அவருக்கு முதலாளி காப்புறுதி எடுத்தாக வேண்டும். மருத்துவ விடுப்பில் தொடக்கத்தில் முழுச் சம்பளம், பிறகு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 ஜனவரி 1 முதல் இணையத் தளங்கள் வழி உணவு விநியோகம் செய்வோருக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுவோருக்கும் இதே அளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. அவர்களும் நேற்றுவரை "ஊழியர் இல்லை" என்ற சொல்லால் வெளியே நின்றவர்கள்தாம். நாள் முழுவதும் ஓடியும் குனிந்தும் உடலால் சம்பாதிக்கும் பயிற்றுவிப்பாளர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

மில்லியன் கணக்கில் நான் கேட்கவில்லை. அரசாங்க அமைப்புகள் சுயதொழில் செய்வோருக்குப் பணம் கொடுக்கும்போதே மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கான பங்கைப் பிடித்து அனுப்பும் முறை 2020 முதல் இருக்கிறது. பள்ளிக்குப் பயிற்றுவிப்பாளரை அனுப்பும் நிறுவனம், அதேபோலக் கட்டணம் கொடுக்கும்போதே ஒரு விபத்துக் காப்புறுதியும் நீண்ட மருத்துவ விடுப்புக் காப்புறுதியும் எடுத்துத் தரட்டும். இது இல்லாத நிறுவனத்தின் ஏலக் குறிப்பைப் பள்ளிகள் ஏற்க வேண்டாம் என்று கல்வி அமைச்சு ஒரு விதி வகுத்தால் போதும். சந்தாத் தொகையைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவள் சொல்கிறேன், ஒரு குடும்பம் ஒன்பது மாதம் படும் பாட்டோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

தம்பி இப்போது ஒரு கூட்டுரிமை வீட்டில் பாதுகாவல் வேலை பார்க்கிறான். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். மகன் பயிற்றுவிப்பாளராவதில் அவனுக்கு அத்தனை பெருமை. பழைய மட்டைக்குப் புதுப் பிடித்துணி சுற்றிக் கொடுத்திருக்கிறான். பையன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏழாவது பிரிவுக்குக் கீழே நான் பென்சிலால் எழுதிக் கொடுத்த வரியோடு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். நிறுவனத்தின் பதில் வந்ததும் உங்களுக்கு மீண்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்புறுதி ஊழியர் ஒருவர்
உட்லண்ட்ஸ்