இரவில் டாக்டரை அழைத்தது பற்றி மகளுக்கு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்காம் நாளில் இருந்த அந்தப் பெரியவருக்காக நள்ளிரவில் டாக்டரை அழைத்ததும், ஸ்கோர் மூன்றுதானே, இதற்கா கூப்பிட்டீர்கள் என்று அவர் கடிந்துகொண்டதும், இரண்டாம் முறை அழைத்த பிறகே வந்து பார்த்ததும், குடலைத் தைத்த இடத்தில் கசிவு என்று ஸ்கேனில் தெரிந்து விடியுமுன் அவரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனதும் எல்லாம் படித்தேன். முதல் முறை அழைத்தது அவசரப்பட்டதாகுமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை ஆத்தா, அழைத்தது சரி. அழைத்த விதத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

உடலின் அளவுகள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதற்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவதுதானே அந்த ஸ்கோர். நீ எழுதியிருந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். மூச்சு நிமிடத்துக்கு 22, அதற்கு 2. மேல் ரத்த அழுத்தம் 104, அதற்கு 1. நாடித்துடிப்பு 84, ஆக்சிஜன் வைக்காமலே ரத்தத்தில் அதன் அளவு 96 சதவீதம், காய்ச்சல் இல்லை. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆக 3. ஆனால் முந்தின இரவு தன் தோட்டத்துச் செடிகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர், அன்று போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்துகொண்டு, பஸ் எப்போது வரும் என்று உன்னைக் கேட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். அது புதிதாக வந்த குழப்பம். நீங்கள் இங்கிலாந்தில் பயன்படுத்தும் நியூஸ் (NEWS) என்ற இந்த மதிப்பெண் அட்டவணையை 2017இல் திருத்தியபோது, அதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கி 3 மதிப்பெண் கொடுத்தார்கள். அதைச் சேர்த்தால் 6. மொத்தம் 5 ஆனாலே டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும் என்பது அந்த அட்டவணையின் விதி. பகல் டூட்டியில் இருந்தவர் 'தெளிவாக இருக்கிறார்' என்று குறித்ததை நீயும் அப்படியே தொடர்ந்ததால்தான் 3 என்று நின்றது. குழப்பம் புதியதா பழையதா என்று தெரியாவிட்டால் புதியது என்றே கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பார்ப்பவர் பார்த்துக் குறித்தால்தான் எண் வரும். பார்க்காமல் விட்டதை எண் தானாகக் காட்டிக்கொடுக்காது.

நாடி 84 என்பதும் அவர் விஷயத்தில் நம்பத்தக்கதல்ல. பிசோப்ரோலால் சாப்பிடுகிறவர் என்று நீயே சொல்கிறாய். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. வேறொருவருக்கு 110 ஓட வேண்டிய நிலையில் இவருக்கு 84 காட்டலாம். யூரின் பேக்கில் மூன்று மணி நேரத்தில் 60 மில்லிதான் இருந்தது என்பதை நீ போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்று கணக்கிட்டால், 70 கிலோ உள்ளவருக்கு 105 வந்திருக்க வேண்டும். இது ஸ்கோரில் சேராது. ஆனால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

இங்கே எங்கள் பெண்கள் வார்டில் நோயாளியை அறிந்தவர் ஒருவர் எப்போதும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்திருப்பார். ஒருமுறை ஒரு மருமகள் வந்து, "அப்பத்தா காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்காக சிஸ்டர்" என்றாள். பி.பி., நாடி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. கையைத் தொட்டால் ஈரமாகச் சில்லிட்டிருந்தது. சர்க்கரை 48. கிருத்திகை விரதம் என்று சாப்பாட்டை விட்ட அம்மாள், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். டாக்டரிடம் சொல்லி டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றியதும் கண் விழித்துப் பேசினார். வீட்டுக்குப் போகிறோம் என்று பையைத் தூக்கினார்கள். நான் விடவில்லை. வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் கடந்தும் நிற்கும். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும். மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தோம், மாலையில் இறங்கத்தான் செய்தது. அந்த மருமகள் சொன்ன 'ஒரு மாதிரி' என்பதற்கு எந்தக் கருவியும் கிடையாது. உன் வார்டில் இரவில் உறவினர் தங்குவதில்லை என்பதால், சந்தேகம் வரும்போது அவர் வீட்டுக்கே போன் செய்து, இவர் வழக்கமாக இப்படிப் பேசுவாரா என்று கேட்டுவிடு. நேரம் பார்த்துத் தயங்காதே, வீட்டார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி டாக்டரை அழைப்பது. "அவர் சரியாக இல்லை என்று தோன்றுகிறது" என்று தொடங்கினாய் என்று எழுதியிருக்கிறாய். தூக்கத்திலோ வேறு வேலையிலோ இருப்பவர் காதில் அது தங்காது. முதல் வாக்கியத்திலேயே, "குடல் அறுவை முடிந்து நான்காம் நாள், புதிதாகக் குழப்பம், ஸ்கோர் 6, சிறுநீர் குறைந்துவிட்டது, நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்" என்று சொல். எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேட்டுக்கொள். வரவில்லையென்றால் அவருக்கு மேலே உள்ளவரை அழை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுகளுக்கு வந்து பார்க்கும் குழு இருந்தால் அவர்களை அழை. 2021இல் லண்டனில் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி, பெற்றோர் கவலைப்பட்டுச் சொல்லியும் போதிய கவனம் கிடைக்காமல் இறந்துபோன பிறகு, அவள் பெயராலேயே அங்கே ஒரு விதி வந்திருக்கிறது. குடும்பத்தார் மட்டுமல்ல, ஊழியர் எவரும் வேறொரு குழுவை வந்து பார்க்கச் சொல்லலாம் என்பது அதில் ஒரு பகுதி. உன் மருத்துவமனையில் அது எப்படி நடக்கிறது, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை அடுத்த நைட் டூட்டிக்கு முன் கேட்டு வைத்துக்கொள். அந்த டாக்டர் மீது வருத்தம் வைத்துக்கொள்ளாதே. நாளைக்கும் அவரைத்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு முறை அழைத்த நேரத்தையும், என்ன சொன்னாய், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறாய் அல்லவா? பெரியவர் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறாரா, பேச்சு தெளிந்ததா, சிறுநீர் இறங்குகிறதா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அம்மா