நெதர்லாந்து தூதர் இல்லத்தில் புகைப்படங்கள்: ஜூன் 14

அனைவருக்கும் வணக்கம். ஜூன் 14 சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு, வாஷிங்டன் எஸ் தெருவில் உள்ள நெதர்லாந்து தூதர் இல்லத்தில் இன்றைய டச்சுப் புகைப்படங்களைப் பார்க்கப் போகிறோம்.

1. அடையாள அட்டையில் உள்ளபடியே முழுப் பெயரைப் புதன் இரவுக்குள் அனுப்புங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறிவிடும். பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

2. 10.15க்கே வந்துவிடுங்கள். முதுகுப்பை, ட்ரைபாட் வேண்டாம். குடியிருக்கும் வீடு அது. திரும்பும்போது பை படச் சட்டத்தில் இடிக்கும்.

3. அனுமதி கேட்டபிறகே படம் எடுங்கள், ஃபிளாஷ் கூடாது. அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) மூடிய படங்களில் வெள்ளைப் பொட்டுதான் விழும். ஜன்னல் வெளிச்சம் பிரதிபலித்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள்.

4. எதையும் தொடாதீர்கள். சில பெரிய பிரிண்ட்டுகள் அக்ரிலிக்கோடு நேரடியாக ஒட்டப்பட்டிருக்கும். கீறல் விழுந்தால் தகட்டை மட்டும் மாற்ற முடியாது, படமே வீண்.

5. வருமுன் இரண்டையாவது இணையத்தில் பாருங்கள்: டச்சுப் புகைப்படக் கலைஞர்களான ரினேக்கே டைக்ஸ்ட்ரா 1992 முதல் எடுத்த கடற்கரை உருவப்படங்கள், ஹென்ட்ரிக் கெர்ஸ்டன்ஸ் தன் மகள் தலையில் பிளாஸ்டிக் பையை வைத்து 2007இல் எடுத்த படம். பின்னது 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியம் போலவே இருக்கும், அவ்வளவு அழகு!

வருபவர்கள் "வருகிறேன்" என்று எண்ணிக்கையோடு இங்கேயே பதிலிடுங்கள்; பெயர் விவரம் மட்டும் எனக்குத் தனிச்செய்தியில்.