மன்னார் முருங்கன் மண்ணை ஒருமுறை வந்து பாருங்கள்

மண் ஈரமானி தந்த திட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மண்ணுக்கு ஏற்றபடி கருவியைத் திருத்தித் தாருங்கள் என்று இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டேன். குறித்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். குறிப்புப் புத்தகம் நிரம்பிவிட்டதோ தெரியாது, அதனால் மடலாக எழுதுகிறேன்.

இந்தச் சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பி அரை ஏக்கர் கத்தரி வைத்தேன். சோளகக் காற்றுப் பிடித்த கிழமை திரையில் 25 சதவீதம், பக்கத்தில் பச்சை விளக்கு. தண்ணீர் போதுமாம். மத்தியானம் வாடின இலை அடுத்த நாள் காலையிலும் நிமிரவில்லை. "ஏனப்பா, மோட்டரைப் போடுங்கோவன்" என்றாள் மனைவி. "கருவி போதுமெண்டு சொல்லுது" என்று நான் பெரிய விஞ்ஞானி மாதிரி இருந்துவிட்டேன். நாலாம் நாள் பூவெல்லாம் நிலத்தில். மண்வெட்டியால் கொத்தினால் ஒரு சாண் ஆழத்துக்குக் கல்லுப் போல மண்.

25 சதவீதம் மணல் தரைக்குத் தாராளம். முருங்கன் களிமண்ணோ அந்த ஈரத்தைத் தானே இறுக்கி வைத்திருக்கும், வேருக்கு விடாது. இது நீங்கள் படித்த பாடம்தானே? பிறகு நிலம் வெடித்தது. மண்ணில் புதைத்த கருவி முள்ளுக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. உடனே திரை 3 காட்டிச் சிவந்தது. காற்றை அளந்திருக்கிறது, பாவம்.

கையளிப்பு விழாவில் ஒரு குறையுமில்லை. மங்கள விளக்கு, மும்மொழிப் பதாகை, பேச்சுக்கள். முள்ளைப் புதைத்தவர்கள்தான் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. முகநூலில் நீங்கள் போட்ட படத்தில் என் கத்தரி இன்னும் பச்சையாகத்தான் நிற்கிறது. சரி, அதை விடுவம்.

கேட்பது சின்ன வேலை. தண்ணீர் விட்ட மறுநாளும், தோட்டம் காய்ந்த பிறகும், கொள்ளளவு தெரிந்த குழாயால் மண் எடுங்கள். நிறுத்து, 105 பாகை செல்சியசில் ஒரு நாள் காயவைத்து, திரும்ப நிறுத்தால் உண்மையான ஈரம் தெரியும். அதை வைத்துப் பச்சை, சிவப்பு எல்லைகளை மாற்றித் தாருங்கள். முள்ளை இடைவெளியில்லாமல் இறுக்கி, வேர் ஆழத்தில் ஒன்றும் அதற்குக் கீழே ஒன்றுமாகப் புதைத்தால் இன்னும் நல்லம். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மண்ணுக்குத் திருத்தித் தாருங்கள், அவ்வளவுதான்.

தயவுசெய்து காலபோக மழைக்கு முன்னர் வாருங்கள். மழை விழுந்தால் இந்தக் களியில் உங்கள் வாகனம் புதையும், இழுக்க எங்கள் உழவு இயந்திரம்தான் வரவேண்டும்.

இப்படிக்கு,
முருங்கன் கமக்காரன் ஒருவன்