இப்பவே விறகு வாங்கி வெச்சிடுங்க: நம்ம டிப்போ வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

போன டிசம்பர்ல நம்ம கடைக்கு வந்த போன்ல பாதி ஒரே கம்ப்ளைண்ட்தான், விறகு பத்தவே மாட்டேங்குது, ஹால் பூரா புகை, கண்ணு எரியுதுன்னு. ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் ஒரு அம்மா என்னை நேராவே கூப்பிட்டு ஃபயர்பிளேஸ் முன்னாடி உக்கார வெச்சிட்டாங்க. பாத்தா விறகு துண்டோட ரெண்டு முனையிலயும் நுரை நுரையா தண்ணி கொதிச்சு வடியுது, உஸ்ஸ்னு சத்தம் வேற. "தம்பி, இது குளிர் காயுறதுக்கா இல்ல டீ போடுறதுக்கா"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் வரல.

மறைக்க ஒண்ணும் இல்ல, அதுல பாதி தப்பு எங்களோடது. நவம்பர் கடைசியில குளிர் இறங்கினதும் எல்லாரும் ஒரே வாரத்துல ஆர்டர் போடுவீங்க, எங்ககிட்ட காஞ்ச சரக்கு தீந்துடும், அப்புறம் ரெண்டு மாசம் முன்னாடி வெட்டுன கட்டையத்தான் லோடு ஏத்துவோம். மீதி பாதி தப்பு நீங்க வாங்கி வெச்ச இடத்துல இருக்கு. அதனாலதான் பிப்ரவரியிலயே இந்த மடல், இன்னும் ஊட்டிகிட்ட தலைகுந்தா பக்கம் காலையில உறைபனியில புல்லு வெள்ளையா கிடக்குது, ஆனா பகல்ல வெயில் சுள்ளுன்னு அடிக்குது பாருங்க, விறகு காயுறதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

அப்பதான் வெட்டுன மரத்துல எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணிதான். நல்லா எரியணும்னா அது 20 சதவீதத்துக்கு கீழ வரணும். அதாவது 100 கிலோ பச்சை விறகு காஞ்சா 60, 65 கிலோதான் நிக்கும், மீதிக்கு நீங்க குடுத்த காசு தண்ணிக்கு குடுத்த காசு (விறகுக்கடைக்காரனே இத சொல்றான் பாருங்க). காயாம எரிச்சா நெருப்போட சூடு முதல்ல அந்த தண்ணிய ஆவியாக்கத்தான் போகும், உங்களுக்கு வந்து சேர்றது மிச்சம் மீதிதான். புகையும் சும்மா போகாது, சிம்னி உள்ள தார் மாதிரி கருப்பா ஒட்டிக்கும், கிரியோசோட்னு சொல்லுவாங்க, அது சேந்துகிட்டே போனா ஒருநாள் சிம்னிக்குள்ளயே தீ பிடிக்கும். வருஷம் ஒருமுறை சீசனுக்கு முன்னாடி கண்டிப்பா சுத்தம் பண்ணிடுங்க.

நம்ம கடையில வர்றது பெரும்பாலும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும்தான் (வாட்டில் மரம்). கற்பூர மரம் 1843 வாக்குல ஆஸ்திரேலியாவுல இருந்து இங்க வந்துச்சு, அப்புறம் ஊட்டிக்கு விறகு வேணும்னே தோப்பு தோப்பா நட்டாங்க, அதனால நாம இன்னைக்கு எரிக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. இதுல ஒரு விஷயம், கற்பூரத்த பச்சையா இருக்கும்போதே பிளந்துடணும், காஞ்சுட்டா நார் முறுக்கிகிட்டு கோடாலிய கடிச்சு பிடிச்சுக்கும், எங்க ஆளு ஒருத்தரு ஆப்பு அடிச்சு அடிச்சு ஆப்பே வளைஞ்சு போச்சு. சீகை அப்படி இல்ல, சொன்ன பேச்சு கேக்கும், நல்லா பிளக்கும், கனலும் நிக்கும். சில்வர் ஓக் சீக்கிரம் காயும், அதே மாதிரி சீக்கிரம் எரிஞ்சும் போயிடும், பத்த வைக்க மட்டும் வெச்சுக்கலாம். பைன் வேண்டாம்ங்க, பிசின் இருக்கு, பொறி தெறிச்சு கார்பெட்ல ஓட்டை விழுந்த வீடு எனக்கு தெரியும். பழைய தேயிலை செடி பிடுங்குற எஸ்டேட்ல அந்த கட்டை கிடைச்சா விடாதீங்க, சின்னதா இருந்தாலும் ராத்திரி பூரா கனலும். சோலைக்காட்டு மரம் கேட்டு சில பேரு போன் பண்றீங்க, அது நாங்க தொடுறதே இல்ல, பட்டா நிலத்து மரத்துக்கே 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்பு சட்டத்துல அனுமதி வாங்கணும்.

இப்போ எங்க வைக்கிறதுன்னு பாப்போம். இங்கதான் நானே வாங்கிக் கட்டிகிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி மழைக்கு பயந்து, டிப்போ பின்னாடி இருந்த மூணு டன் விறகையும் நீல தார்பாய் போட்டு தரை வரைக்கும் இறுக்கி கட்டிட்டேன், பெரிய வேலை செஞ்ச மாதிரி நினைச்சுகிட்டேன். பிரிச்சு பாத்தா உள்ள பஞ்சு மாதிரி வெள்ளை பூஞ்சை, தார்பாய் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி, அடி வரிசையில கரையான். மரத்துல இருந்து வந்த ஈரம் வெளிய போக வழி இல்லாம அதுமேலயே சொட்டிகிட்டு இருந்திருக்கு. காத்து போனா போதும்ங்க, மேல மட்டும் மறைங்க, பக்கத்த திறந்து விடுங்க.

ஹாலோ பிளாக் நாலு போட்டு அதுமேல ரெண்டு பைப்போ பழைய ரீப்பர் கட்டையோ வெச்சா தரையில இருந்து அரை அடி தூக்கிடும். சுவத்துக்கும் அடுக்குக்கும் நடுவுல ஒரு கை நுழையுற இடம் விடுங்க, இல்லன்னா சுவரும் ஈரமாகும். ரெண்டு முனையிலயும் குறுக்கும் நெடுக்குமா அடுக்குனா தூண் மாதிரி நிக்கும், நடுவுல சும்மா அடுக்கிக்கலாம். மேல தகர ஷீட் ஒண்ணு, முன்பக்கம் ஒரு அடி நீட்டி, தண்ணி சுவத்துப் பக்கம் போகாம முன்னாடி ஓடுற மாதிரி சாய்ச்சு. 6 அடி நீளம், 4 அடி உயரம், ஒன்றரை அடி அகலம் இருந்தா காஞ்ச விறகு அரை டன்னுக்கு பக்கத்துல பிடிக்கும், சாயங்காலம் மட்டும் எரிக்கிற வீட்டுக்கு ராத்திரிக்கு 10, 12 கிலோன்னு வெச்சா நாப்பது நாள் ஓடும்.

மழை எந்தப் பக்கம் இருந்து அடிக்குதுன்னும் பாக்கணும். ஊட்டி, எமரால்டு பக்கம் ஜூன்ல இருந்து தென்மேற்கு மழை, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்தப் பக்கம். கோத்தகிரி, குன்னூர்காரங்களுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் எமன், வெயில்ல நல்லா காஞ்ச விறகு எரிக்கப் போற நேரத்துல நனையும். அதனால மழை அடிக்கிற அந்த ஒரு பக்கத்த மட்டும், ஊட்டிக்காரங்க மேக்க மறைங்க, நம்ம கோத்தகிரி பக்கம் கிழக்க மறைங்க, மத்த பக்கம் திறந்தே இருக்கட்டும். மேல மட்டும் நனைஞ்சா பயம் இல்ல, ரெண்டு நாள் காத்துல விட்டா போதும்.

எல்லா விறகையும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, தேளும் பூரானும் இலவசமா வரும். வெளிய பெரிய அடுக்கு, வராண்டாவுல ஒரு வாரத்துக்கு, ஃபயர்பிளேஸ் பக்கத்துல அன்னைக்கு ராத்திரிக்கு மட்டும் ஒரு கூடை, அதுவும் நெருப்புல இருந்து மூணு அடி தள்ளி. ராத்திரி பத்து மணிக்கு டார்ச்ச எடுத்துகிட்டு பின்பக்கம் விறகு எடுக்கப் போற வேலையே வேண்டாம், அங்க காட்டுமாடு நிக்கும் இல்லன்னா கரடி நிக்கும், இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல. சுள்ளியும் சிராயும் தனியா ஒரு சாக்குல, பத்த வைக்க பிளாஸ்டிக் கவர் போடாதீங்க.

காஞ்சுதான்னு பாக்க மெஷின் எதுக்கு, ரெண்டு துண்ட ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, டங்னு கேட்டா சரி, தொப்புன்னு கேட்டா இன்னும் இருக்கட்டும். முனையில நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டிருக்கும், பட்டை கையால உரிஞ்சு வரும்.

ஒண்ணே ஒண்ணு கோவமா சொல்றேன். பெட்ரூம்ல கரி அடுப்ப வெச்சு கதவு ஜன்னல் அடைச்சிட்டு தூங்காதீங்க. புகையே இல்லையேன்னு நினைப்பீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது கலரும் கிடையாது. உங்க காட்டேஜ்ல தங்க வர்ற டூரிஸ்டுக்கும் சொல்லிடுங்க, அவங்களுக்கு தெரியாது.

இந்த வருஷம் நாங்க மாத்துறது: பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்ல வாங்குறவங்களுக்கு எடை கணக்கு கிடையாது, அடுக்கு அளந்து அடி கணக்குல குடுப்போம், தண்ணிக்கு காசு வாங்க மாட்டோம். ஒண்ணேகால் அடி நீளத்துல அறுத்து, கைப்பிடி கனத்துக்கு பிளந்துதான் லோடு வரும். அடுக்கி குடுக்க பசங்க கூடவே வருவாங்க, பிளாக்கும் ஷீட்டும் மட்டும் ரெடியா வெச்சிருங்க. பிக்கப் உங்க கேட் வரைக்கும் வருமா வராதான்னு ஆர்டர் போடும்போதே சொல்லிடுங்க, போன தடவ கேத்தியில ஒரு வீட்டுக்கு 80 படி சுமந்தோம், அந்தப் பசங்க இன்னும் என்னைத் திட்டிகிட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
உங்க விறகு டிப்போக்காரன், கோத்தகிரி