சான் மாலோ போகிறோம், பெயர் கொடுங்க

மக்களே, ஊர் முடிவாகிவிட்டது: சான் மாலோ, பிரான்ஸில் கடலோரமாக மதில் சூழ்ந்த ஊர். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து நேராகப் போகும் டிஜிவி அதிவேக ரயிலையே எடுப்போம், ரென்னில் மாறுகிற ரயில் வேண்டாம், போன தடவை பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது போதும். நிலையத்திலிருந்து கோட்டைவாசலுக்கு நடந்தே போய்விடலாம். மதில்மேல் ஏறி ஊரையே சுற்றலாம், காசில்லை. உள்ளே பழசாகத் தெரியும் கருங்கல் வீடுகளில் பெரும்பாலானவை 1944இல் குண்டுவீச்சில் நொறுங்கி, அப்புறம் கட்டியவை. 1746இல் நம்ம சென்னையைப் பிடித்தாரே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே, அவர் பிறந்த ஊரும் இதுதான்!

கிராண்ட் பே தீவுக்குக் கடல் உள்வாங்கும்போதுதான் நடக்க முடியும், வழியெல்லாம் பாசி, செருப்பு வழுக்கும், ஷூ போடுங்க. ஓத நேரம் பார்த்துத்தான் ரயில் பிடிக்கணும். தள்ளிப்போட்டால் டிக்கெட் விலை ஏறும், புதன் இரவுக்குள் சொல்லிவிடுங்க.