வாரிசு மனுவில் உறவுமுறையோடு வழியையும் எழுதச் சொல்லுங்கள்

கடலூர் மாவட்ட வட்டாட்சியர்கள், வருவாய் ஆய்வாளர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், இ-சேவை மையங்களில் மனு பதிவோர், எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி வருவாய்த் துறையில் அதே வேலையைப் பார்ப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வாரிசு மனுவில் பெயருக்குப் பக்கத்தில் உறவுமுறை கேட்கப்படுகிறது. வீட்டில் கூப்பிடும் சொல்லையே மக்கள் அங்கே எழுதிவிடுகிறார்கள். மனைவி, மகன், மகள், தாய் என்று முடிந்துவிடும் குடும்பங்களில் இதனால் தொல்லை இல்லை. பிள்ளை இல்லாதவரோ மணமாகாதவரோ உயில் எழுதாமல் இறந்தால்தான் சிக்கல் வருகிறது. நம் உறவுச் சொற்கள் யாரை வணங்கலாம், யாரைக் கட்டலாம் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். யாருக்குச் சொத்து சேரும் என்பதைச் சொல்வது அவற்றின் வேலை அல்ல.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணுக்கு மனைவி, மகன், மகள், தாய் போன்ற முதல் வகுப்பு வாரிசு ஒருவரும் இல்லையென்றால் இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டும். அதில் ஒன்பது வரிசைகள். முன் வரிசையில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் பின் வரிசைக்கு எதுவும் கிடையாது. பலர் தாயோடு சேர்த்து முதல் வகுப்பில் எழுதும் தகப்பனார் இந்த இரண்டாம் வகுப்பின் முதல் வரிசைதான். உடன்பிறந்தவர்கள் அதற்கு அடுத்த வரிசை.

இப்போது சித்தியைப் பாருங்கள். அம்மாவின் தங்கை ஒன்பதாவது வரிசை. அப்பாவின் இளைய தாரம், அதாவது தந்தையின் விதவை, ஆறாவது வரிசை. சித்தப்பாவின் மனைவி எந்த வரிசையிலும் இல்லை. மூவரையும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறோம். சித்தப்பாவும் அப்படியே: தந்தையின் தம்பி ஏழாவது வரிசை, தாயின் தங்கை கணவருக்கு இடமே இல்லை. பெரியப்பா மகனை ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்று எழுத யாருக்கும் மனம் வராது, அண்ணன் என்றே எழுதுவார்கள். அது பாசம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால், இரண்டாம் வகுப்பு முழுவதும் தீர்ந்த பிறகே வரவேண்டிய ஆண்வழிப் பங்காளி, கூடப்பிறந்தவரின் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

மருமகள் இன்னும் கவனம் வேண்டிய சொல். தந்தைக்கு முன்பே மகன் இறந்திருந்தால் அவனுடைய விதவை முதல் வகுப்பு வாரிசு. மகன் இருக்கும்போது அவன் மனைவிக்குப் பங்கில்லை. ஓர் ஆணுக்கு அக்கா மகள், தங்கை மகளும் மருமகள்தான். அவள் இரண்டாம் வகுப்பில் நான்காவது வரிசை. தங்கை மகளையே மகனுக்குக் கட்டிய வீட்டில் ஒருத்தியே இரண்டு வழியிலும் மருமகள். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் இறந்தால் அவருடைய மாமியார் கூடப்பிறந்த அக்காவும்கூட. அங்கே ‘மாமியார்’ என்று மட்டும் எழுதினால் அந்த அம்மாளின் இரத்த வழி உரிமை காகிதத்தில் காணாமல் போகும். சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் இரண்டு வழியையும் எழுதியே ஆகவேண்டும்.

பெண் இறந்தால் கணக்கே வேறு. பிள்ளைகளோ அவர்கள் வழிப் பேரப்பிள்ளைகளோ கணவரோ இல்லாத பெண் தானே சம்பாதித்து வாங்கிய மனை, அவள் தாய் தந்தைக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். மாமியாரும் மாமனாரும் இல்லை, கணவருக்கு வேறு பிள்ளைகளும் இல்லை என்றால் மூத்தார், கொழுந்தன், நாத்தனார் ஆகியோருக்கு உரிமை வரும். அவளுக்குத் தாய் வீட்டிலிருந்து வாரிசாக வந்த நிலமோ தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஒரே பெண், இரண்டு சொத்து, இரண்டு வாரிசுப் பட்டியல். இந்த இடத்தில் ‘மைத்துனர்’ என்று எழுதினால் என்ன புரியும்? கணவரின் தம்பியையும் அப்படி எழுதுகிறார்கள், தங்கை கணவரையும் அப்படி எழுதுகிறார்கள். முதலாமவருக்கு உரிமை உண்டு, அடுத்தவருக்கு இல்லை.

எனவே விசாரணையில் ‘நீங்கள் இவருக்கு என்ன முறை?’ என்பதோடு நிறுத்தாமல், ‘நீங்கள் யாருக்குப் பிறந்தவர்? அவர் இவருக்கு யார்?’ என்று கேளுங்கள். வழியை எழுத ஆறு சொற்கள் போதும்: தந்தை, தாய், மகன், மகள், கணவர், மனைவி. இறந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக வரவேண்டும். தாய்மாமன் என்றால் ‘தாயின் தந்தையின் மகன்’. ஒவ்வொரு படியிலும் அந்த ஆளின் பெயர், உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் இறந்த தேதி. யார் முன்னால் போனார், யார் பின்னால் போனார் என்பதில்தான் பல குடும்பங்களின் பங்கு மாறுகிறது. வருடம் மட்டும் போட்டால் போதாது.

உடன்பிறந்தவர் என்றால் தாய், தந்தை இருவர் பெயரையும் எழுதவேண்டும். ஒரே தாய், வேறு தந்தை என்றால் வாரிசுரிமைச் சட்டத்தின் வாரிசு அட்டவணையில் ‘சகோதரர்’ என்பதில் அவர் சேரமாட்டார். ஒரே தந்தை, வேறு தாய் என்றால் சேர்வார், ஆனால் முழு உடன்பிறப்பு இருந்தால் அவருக்கே முன்னுரிமை. முதல் தாரம் உயிரோடிருக்கும்போது கட்டிய இளைய தாரத்துக்கு மனைவி என்ற உரிமை கிடையாது. அவள் பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. தாயின் பெயரை அடிக்கும் கையோடு பிள்ளைகளின் பெயரையும் அடித்துவிடாதீர்கள். தத்துக் கொடுத்த பிள்ளைக்குப் பெற்றவர் வழி அறுந்து, எடுத்தவர் வழி தொடங்கும். அக்கா மகனைத் தத்தெடுத்தவரை அந்தப் பையன் காலம் முழுக்க மாமா என்றே கூப்பிட்டிருக்கலாம். காகிதத்தில் அவன் மகன்.

எல்லாக் குடும்பத்துக்கும் இதே சட்டம் இல்லை என்பதால்தான் வழியை எழுதும் முறை இன்னும் அவசியமாகிறது. பரங்கிப்பேட்டை முஸ்லிம் குடும்பத்தில் தந்தையின் தம்பியும் தாய்மாமனும் ஒரே இடத்தில் நிற்கமாட்டார்கள். முன்னவர் குறிப்பிட்ட பங்குகள் போக எஞ்சியதற்கு ஆண்வழியில் உரியவர், பின்னவர் தூரத்து உறவு. ஒரே தாய், வேறு தந்தை உடன்பிறப்புக்கு அங்கே குறிப்பிட்ட பங்கே உண்டு. புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோருக்குப் படி எண்ணும் கணக்கு: தந்தை ஒன்று, தாத்தா இரண்டு, கீழே இறங்கினால் சித்தப்பா மூன்று, அவர் மகன் நான்கு. பிள்ளைகளோ உடன்பிறந்தோர் வழியோ இல்லாதபோது அந்தச் சொத்து தந்தை பக்கம் பாதி, தாய் பக்கம் பாதியாகப் பிரியும். எந்தச் சட்டமானாலும் மேலே சொன்ன ஆறு சொற்களில் எழுதிய வழியை வைத்துக் கணக்கிடலாம். வெறும் ‘மாமா’வை வைத்து முடியாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். உறவுமுறைக்குக் கீழே ‘எந்த வழியில்’ என்று ஒரு வரி சேருங்கள். படிவம் மாறும்வரை, வழிமரம் வரைந்த வெள்ளைத் தாள் ஒன்றை மனுவோடு கட்டாயமாக வாங்கி, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையோடு இணையுங்கள். அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்திலும் அதே வழி வரட்டும். அக்கா பாகூரில், தம்பி கடலூரில் என்று வாழும் குடும்பங்களுக்குச் சான்று ஒரு பக்கம் வாங்கப்பட்டு, பட்டா மாற்றம் மறுபக்கம் நடக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. அவர் கையில் இருப்பது உங்கள் தாள் மட்டுமே.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மனுவும் ஆவணமும் எழுதுவோர் சிலர்